டிராக்டரும் டிரெய்லரும்: நிறுத்தும் திறனே முதல் கணக்கு

டிராக்டர் கடன் கேட்டு வங்கிக்கு வரும் விவசாயிகளில் பலர், எத்தனை குதிரைத்திறன் கொண்ட வண்டி வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்துவிடுகின்றனர். அதன் பின்னால் பூட்டப்போகும் டிரெய்லரைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் எழுகிறது. டிராக்டர் வீடு வந்து சேர்ந்த பின், கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏற்ப உள்ளூர்ப் பட்டறையில் ஒரு டிரெய்லர் செய்துகொள்வது பரவலான வழக்கம். சாலையில் சுமை ஏற்றிச் செல்ல எண்ணுபவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலில் சுமை, அடுத்து அதைத் தாங்கும் டிரெய்லர், பிறகு அவ்விரண்டையும் இழுக்கவும் நிறுத்தவும் வல்ல டிராக்டர் என்பதே முறையான வரிசை.

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். டிராக்டரின் எடை 2 டன், சுமையுடன் டிரெய்லரின் எடை 6 டன் என்று கொள்வோம். சமதளச் சாலையில் நடுத்தரத் திறனுள்ள டிராக்டரே இதனை இழுத்துவிடும். ஆனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையெனில், 2 டன்னை நிறுத்தும் பிரேக் 8 டன்னை நிறுத்த வேண்டியதாகிறது. தனியாக 5 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே வேகத்தில் நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் எடுத்துக்கொள்ளும். வேகம் இருமடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் இறக்கத்தில், இந்த டிரெய்லர் ஏறத்தாழ 600 கிலோ விசையுடன் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். அந்த இடம் ஒரு வளைவாகவும் இருந்துவிட்டால், டிராக்டர் பக்கவாட்டில் மடங்கிக் கவிழ்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

டிரெய்லர் பெட்டியின் அளவைக் கொண்டு சுமையை மதிப்பிடுவதும் தவறு. 100 கன அடி மணல் ஏறத்தாழ 4.5 டன் எடையுள்ளது; அதே பெட்டி நிறைய வைக்கோல் ஏற்றினாலும் அதில் சிறு பங்கே வரும். இருசக்கர டிரெய்லரில் சுமையின் ஒரு பகுதி இணைப்புக் கொக்கியின் மீது இறங்குகிறது. முன்பக்கம் மிகுதியாக ஏற்றினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் திசைதிருப்பும் பிடி குறையும். பின்பக்கம் மிகுதியாக ஏற்றினால் கொக்கி மேல்நோக்கி இழுபட்டு, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கும். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே அமைந்துள்ள இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலையில் ஒன்றாகப் பூட்டி ஓட்ட வேண்டும். டீசலை மிச்சப்படுத்துவதற்காக இறக்கத்தில் கியரை விடுவிப்பது கூடவே கூடாது.

பிரேக்குடன் கூடிய டிரெய்லர் விலை அதிகம், நாங்கள் செல்வதோ அருகிலுள்ள சந்தைக்குத்தான் என்று சிலர் வாதிடுவர். விலையைக் குறித்த கவலை நியாயமானதே. எனினும், 2025 செப்டம்பர் 22 முதல் வேளாண் டிராக்டர்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. வரிக்கு முன் 8 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டிக்கு இதனால் 56,000 ரூபாய் மிச்சமாகும். அந்தத் தொகையைக் கூடுதல் குதிரைத்திறனில் செலவிடாமல், டிரெய்லரின் பிரேக்கிலும் டயரிலும் செலவிடுவதே அறிவுடைமை. தூரத்தைப் பொறுத்தவரை, சந்தைக்குச் செல்லும் குறுகிய வழியிலும் கால்வாய்க் கரையும் நெடுஞ்சாலைச் சந்திப்பும் உண்டு.

சட்டத்தின் பார்வையும் கவனத்துக்குரியது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே வரையறுக்கிறது. எனவே டிராக்டருக்குப் பதிவும் காப்பீடும் இருந்தால் போதும் என்று எண்ணலாகாது. டிரெய்லருக்கும் அவை தேவை. வேளாண் பயன்பாட்டுக்கெனக் காப்பீடு செய்த வண்டியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கக்கூடும். அப்போது இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் மீது விழும். கடன் தவணையும் நிற்காது. ஆட்களை ஏற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியோரை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்ததில் 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டிரெய்லர் பொருள்களுக்கானது; மனிதர்களுக்கானது அன்று.

வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. நிலப்பத்திரத்தையும் திருப்பிச் செலுத்தும் திறனையும் ஆராயும் நாம், கடனில் வாங்கும் வண்டி எவ்வளவு சுமையுடன் எந்தச் சாலையில் செல்லும் என்பதையும் கேட்க வேண்டும். டிராக்டர், டிரெய்லர் இரண்டின் விலைப்புள்ளிகளையும் ஒருங்கே பெற்று, ஒரே கடனாகப் பரிசீலிப்பதே நன்று. டிரெய்லருக்குத் தனியே வெளியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையும் இதனால் தவிரும்.

ஆகவே, டிராக்டர் வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் விற்பனையாளரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்: டிராக்டர் இழுக்க அனுமதிக்கப்பட்ட டிரெய்லரின் மொத்த எடை, டிரெய்லரின் வெற்று எடை, அதன் பிரேக் அமைப்பு. அந்தத் தாளுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதை அதன் பிறகு சேர்ந்தே முடிவு செய்யலாம்.