ரேஷனில் கேழ்வரகுக்கும் இடம் வேண்டும்

மலிவு விலையில் தானியம் பெறுவதை மக்களின் உரிமையாக்கியது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் உண்டு, அதன் விலை கிலோ ஒரு ரூபாய் என்று அதிலேயே எழுதியிருந்தது. நாட்டின் பெரும்பாலான ரேஷன் கடைகளிலோ இன்றும் அரிசியும் கோதுமையும்தான்.

கோளாறு கொள்முதலில் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். தானியங்களில் அரசு பேரளவில் வாங்குவது நெல்லையும் கோதுமையையும் மட்டுமே. விலைபோகாததை எந்த விவசாயி விதைப்பார்? கோதுமை ரொட்டி உண்ணும் பஞ்சாபில் நெல் பெருகியது எப்படி? இலவச மின்சாரமும் உறுதியான கொள்முதலும் சேர்ந்து செய்த வேலை அது. அங்கே நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. மானாவாரியில் கம்பும் வரகும் விளைவிக்கும் சிறு விவசாயிக்கோ இந்தப் பாதுகாப்பில் பங்கே இல்லை. இது அப்பட்டமான அநீதி.

ஒடிசா 2017-இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தின் வழியே பழங்குடி விவசாயிகளிடம் கேழ்வரகை வாங்கி ரேஷனிலும் தந்தது. தமிழகம் 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம், இரண்டு மாவட்டங்களோடு நின்றுவிடக் கூடாது.

என்ன தானியம் என்பதோடு, யாருக்கு என்பதிலும் குறை இருக்கிறது. ரேஷன் பயனாளிகளின் எண்ணிக்கை இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கில் நிற்கிறது. அதன்பின் பெருகிய ஏழைக் குடும்பங்களில் பல, பட்டியலுக்கு வெளியே காத்திருக்கின்றன. புதிய கணக்கு வரும்வரை அவர்களுக்குத் தற்காலிக அட்டையாவது வழங்குங்கள். சிறுதானியம் விளையும் வட்டாரங்களில் அறுவடைக்கு முன்பே கொள்முதல் நிலையங்களைத் திறந்துவையுங்கள்.