மழையைக் கேட்பவரும் வேண்டாதவரும்

மழையை 'ரஹ்மத்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வானம் பொய்த்தால் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம். ஆனால், அன்பு வாசகர்களே, தூத்துக்குடிக் கரையில் வாழ்வோரிடம் மழையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்து மழை, எந்த நிலத்து மழை என்று திருப்பிக் கேட்பார்கள்.

கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறக்கி வைத்துவிட்டு, வறண்ட காற்றாகவே இக்கரையை அடைகிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் இச்சீமைக்கு ஆதாரம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சராசரியாக 70 செ.மீ.க்கும் குறைவு. கடல் அருகிருப்பதால் உடல் பிசுபிசுக்கும். வானத்திலிருந்து துளி விழாது. இப்பக்கம் பெண் கொடுத்த வெளியூர்க்காரர்கள் இதை நன்கறிவர்!

இந்த வறட்சியையே பிழைப்பாக்கிக் கொண்டவர்கள் இக்கரை மக்கள். உவர்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டால் உப்பு விளைகிறது. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்குக் கிடைத்திருப்பது பெரிதும் தூத்துக்குடியால்தான். முத்துக்குளிப்பும் பருவத்தை நம்பியதே. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே, கடல் அடங்கித் தெளியும் சில வாரங்களில்தான் மூழ்கினார்கள். 1961-க்குப் பின் அத்தொழில் நின்றுபோயிற்று. உப்பளம் மட்டும் நிற்கவில்லை.

மழை தொடங்கிவிட்டால் பாத்தியில் வேலை இல்லை. ரஹ்மத் இறங்கும் அம்மாதங்களில்தான் உப்பளத் தொழிலாளியின் அடுப்பு அணைகிறது. மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. மூன்று மாதங்களுக்கு அது எம்மாத்திரம்? அதே நாட்களில், தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்தவர் அதே வானத்தை நோக்கிக் கையேந்துகிறார்.

2023 டிசம்பரில் இருவருமே தோற்றார்கள். குமரிக்கடலை ஒட்டி நிலவிய காற்றுச் சுழற்சி, கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டியது. டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. ஓராண்டு மழையைவிட ஒரு நாள் மழை மிகுதி! வயல் மூழ்கியது, குவித்து வைத்த உப்பும் கரைந்தது. செய்துங்கநல்லூரில் வீடிழந்து வந்த இந்துக் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் இடமும் உணவும் தந்தது.

மழை வேண்டி துஆ செய்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, அது மிகுந்தபோது, எங்கள் மீதன்றிச் சுற்றுப்புறத்தில் பெய்யட்டும் என்றும் துஆ செய்தார்கள். அச்சுற்றுப்புறம் மேடுகளும் ஓடைகளும் மரம் முளைக்கும் இடங்களும் ஆகும்.

நாம் ஜகாத்தையும் ஸதகாவையும் பெரும்பாலும் ரமளானில் கொடுத்து முடித்துவிடுகிறோம். உப்பளத்தின் வெறும் மாதங்களோ ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும். அப்போது உங்கள் மஹல்லாவின் பைத்துல்மாலில் என்ன மீதமிருக்கிறது என்று இந்த ஜும்ஆவிலேயே நிர்வாகிகளிடம் விசாரித்துப் பாருங்கள்.