மின்சாரத்திற்கும் ஓர் ஏரி

மழைக்காலத்து நீரைக் கோடைக்கென வைத்துக் காப்பதே உழவுத் தொழிலின் உயிர்நாடி. இதனைத் தமிழர் பழங்காலத்திலேயே நன்குணர்ந்திருந்தனர். ஊர்தோறும் ஏரி வெட்டினர், கரை உயர்த்தினர், மதகு அமைத்தனர், மிகை நீர் வழிந்தோடக் கலிங்கு கட்டினர். அதே அறிவு இன்று நாட்டிற்கு மற்றொரு பொருளின்கண் வேண்டப்படுகிறது. அப்பொருள் மின்சாரம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்த ஊர் பள்ளிப்பட்டு. ஆந்திரப் பகுதி மலைகளில் பெருமழை பெய்தால், கொசத்தலை ஆறு கரைபுரண்டு அவ்வழியே பாயும். மழை ஓய்ந்தால் வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும். அந்த ஆற்று நீரைத் தேக்கி வைக்கவே 1944 ஆம் ஆண்டில் பூண்டி நீர்த்தேக்கம் உருவாயிற்று. அது சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கிச் சென்னை மக்களின் தாகத்தைத் தணித்து வருகிறது. தேக்கம் இல்லையேல் வெள்ளம் இருந்தும் பயன் என்ன?

காற்றும் கதிரவனும் அவ்வாற்றைப் போன்றவையே. தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் ஆற்றல் 10,000 மெகாவாட்டிற்கும் மேற்பட்டது. எனினும் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று மற்ற மாதங்களில் தளர்ந்துவிடுகிறது. கதிரொளி மின்சாரமோ நண்பகலில் பெருகுகிறது. வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் மறைகிறது. மின்சாரத்தைக் கம்பியிலே நிறுத்தி வைத்தல் இயலாது. ஆக்கமும் செலவும் நொடிதோறும் ஒத்திருத்தல் வேண்டும். ஆதலின், காற்று மிகுந்த வேளையில் காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேர்ந்ததும் உண்டு. உணவிருந்தும் கலமின்றிக் கொட்டுவது போன்றது அது.

இக்குறையால் பெரிதும் வருந்துபவர் யார்? பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மின்சாரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள பெரிய ஆலைகள் டீசல் பொறிகளை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். இரண்டு தறி வைத்திருக்கும் நெசவாளி அங்ஙனம் செய்தல் ஒல்லுமோ? 2012 ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டால் அல்லலுற்றதை மக்கள் இன்னும் மறந்திலர். ஆகவே மின்சாரத்தைச் சேமித்தல் செல்வர் தத்தமக்குச் செய்துகொள்ளும் வசதியாக நின்றுவிடலாகாது. ஊர்ப்பொது ஏரி போல அது அனைவர்க்கும் உரிய பொதுப்பணியாதல் வேண்டும்.

இது கைகூடாத கனவன்று. ஆனைமலைத் தொடரில் உள்ள காடம்பாறை இதற்குச் சான்று. அங்கே மேலே ஒரு நீர்த்தேக்கம். கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இடையே பாறையைக் குடைந்து அமைத்த மின்நிலையம். தேவை குறைந்த வேளையில் மிகை மின்சாரத்தைக் கொண்டு கீழ்நீரை மேலே ஏற்றுகின்றனர். தேவை மிகுந்த வேளையில் அந்நீரைக் கீழே பாய்ச்சி மின்சாரம் பெறுகின்றனர். 1987 முதல் 1989 வரை படிப்படியாக இயக்கப்பெற்ற இந்நிலையத்தின் நான்கு பொறிகளும் சேர்ந்து 400 மெகாவாட் அளிக்க வல்லவை.

‘நீரை ஏற்றி இறக்குவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மின்சாரம் வீணாகுமே!’ எனச் சிலர் கூறுவர். உண்மையே. ஆயின், ஏரி நீரும் வெயிலில் ஆவியாகிறது, மண்ணில் கசிகிறது. அதற்காக எவரேனும் ஏரிக்கரையை உடைத்தனரோ? முழுவதையும் இழப்பதினும் முக்காற்பங்கைக் காப்பது நன்றன்றோ?

எனினும் மலையும் நீரும் எல்லா இடத்தும் வாய்ப்பதில்லை. காட்டை அழித்து அணைகளைப் பெருக்குதலும் தகாது. சமவெளித் தொழிற்பகுதிகளுக்கு ஏற்றவை பெரிய மின்கலங்கள். தென் ஆஸ்திரேலியாவில் 2017 ஆம் ஆண்டில் 100 மெகாவாட் ஆற்றலுள்ள மின்கல நிலையம் ஒன்று அமைந்தது. தில்லி ரோகிணியில் 2019 ஆம் ஆண்டில் 10 மெகாவாட் நிலையம் தொடங்கப்பெற்றது. துணை மின்நிலையங்களின் அருகே இத்தகையவற்றை அமைத்தால், நண்பகல் மின்சாரம் மாலையில் தறிக்கும் விளக்கிற்கும் உதவும். மின்கலத்திலும் குறைகள் உள்ளன. அதற்கு வேண்டிய லித்தியத்தைப் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே பெறவேண்டியுள்ளது. கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 2025 சனவரியில் மூண்ட தீ, காவலின் தேவையை உணர்த்திற்று. ஆதலின் குடியிருப்புகளினின்று விலக்கி, தக்க பாதுகாப்புடன் அவற்றை அமைத்தல் வேண்டும்.

முற்காலத்தில் ஏரியின் கரையைக் காக்க ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்தனர். நீர் முறையும் வைத்துப் பாய்ச்சினர். மின்சாரத்திற்கும் அத்தகைய முறை வேண்டும். பகலில் செய்யத்தக்க வேலையைப் பகலிலேயே முடித்தல், வீண்விளக்கை அணைத்தல் ஆகியவை ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சேமிப்பு. பெருந்தேக்கங்களை அமைப்பது அரசின் கடமை. தேங்கியதைச் சிக்கனமாகச் செலவிடுவது மக்களின் கடமை. இவ்விரண்டும் இணையுமாயின், காற்று ஓய்ந்த இரவிலும் பள்ளிப்பட்டுத் தறிகள் ஓயாமல் ஒலிக்கும்.