பால் இறங்கும் நேரம்

பிள்ளை பெற்று மூன்று வாரமான இளந்தாய் ஒருவரை அண்மையில் கண்டோம். குழந்தை மார்பைப் பற்றிச் சப்பியது. சிறிது நேரம் பால் வரவில்லை. "இவளுக்குப் பால் போதாது, புட்டிப்பால் கொடுங்கள்" என்று சுற்றியிருந்தோர் முடிவே கட்டிவிட்டனர். தாயின் கண்களில் நீர் திரண்டது.

பால் ஊறுவது வேறு, ஊறிய பால் இறங்குவது வேறு. இறக்குவது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு நீர். அதை ஆக்குபவை, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலமஸில் உள்ள நரம்பணுக்கள். அங்கு ஆக்கப்படும் நீர், பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலக்கிறது.

எலிகளில் 1970-களில் ஆய்ந்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். குட்டிகள் ஓயாது சப்பினாலும், பால் பல நிமிடங்களுக்கு ஒருமுறையே இறங்குகிறது. அதுவரை தத்தம் போக்கில் மெல்லத் துடித்திருந்த அணுக்கள், திடீரென யாவும் ஒருமித்துச் சில நொடிகள் விரைந்து துடிக்கின்றன. அப்போதுதான் நீர் மொத்தமாக வெளிப்படுகிறது.

பிரான்சின் போர்தோ நகரில் தெயோடோசிஸ் அம்மையாரும் புலேன் என்பாரும் 1980-களில் கண்டது இதனினும் வியப்பானது. இவ்வணுக்களுக்கு இடையே, துணையணுக்களின் மெல்லிய இழைகள் தடுப்புச் சுவர் போல் நிற்கின்றன. பேறுகாலம் நெருங்கியதும் அவை பின்வாங்குகின்றன. நரம்பணுக்கள் பருத்து, ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. புதிய நரம்பு இணைப்புகளும் தோன்றுகின்றன. குட்டிகள் பால்குடி மறந்தபின் சுவர்கள் மீண்டும் எழுகின்றன. இந்நெருக்கம் ஒருமித்த துடிப்புக்குத் துணைபுரிகிறது என்பது அவர்கள் கருத்து. வளர்ந்த மூளை மாறாதது என்றே முன்பு நம்பியிருந்தோம்! (நீடித்த தாகத்திலும் இவ்வணுக்கள் இவ்வாறே மாறுகின்றன.)

இவை எலிகளின் செய்தி. மனிதத் தாயைப் பற்றி, 1948-இல் அமெரிக்காவில் நியூட்டன் தம்பதியர் ஒரு சோதனையை வெளியிட்டனர். தாயின் பாதங்களைப் பனிநீரில் வைத்தும், கடுங்கணக்குகளைக் கேட்டும் தொல்லை தந்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. அதே தொல்லையோடு ஆக்சிடோசின் ஊசி போட்டபோது பால் மீண்டும் கிடைத்தது. பால் இருந்தது, இறங்கத்தான் இல்லை.

ஆகவே, தாயைச் சூழ்ந்து நின்று தீர்ப்புக் கூறுவது பாலைத் தடுக்கும் செயலாகிவிடலாம். ஐயமிருப்பின் குழந்தையின் துணிகளை எண்ணுங்கள்: முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமானதே. இல்லையேல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நாம் கண்ட வீட்டில், மூதாட்டி ஒருவர் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில், குழந்தை விழுங்கும் ஓசை எங்களுக்கும் கேட்டது.