கமிஷன் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கப்பிள்ளையும்

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜவுளிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். நாற்பது புடவைகளைப் பிரித்துப் போட்ட பிறகும் அந்த விற்பனைப் பெண் முகம் கோணுவதில்லை. "இந்த அரக்குப் பார்டரை ஒரு தடவை தோளில் போட்டுத்தான் பாருங்களேன், அக்கா!" என்கிறாள். அவளுடைய நல்ல சுபாவம் அதற்கு ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதற்குக் கமிஷன் என்று பெயர்.

இது ஜவுளிக்கடையோடு போகிற விஷயமல்ல. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, வீடு மனை விற்பவர், டெலிவிஷன் கடைப் பையன் என்று நம் உறவுக்காரர்களில் பலருக்கு மாதக் கடைசியில் கமிஷன் வந்தால்தான் மளிகைக்கடைப் பாக்கி தீரும். முன்பெல்லாம் இந்தக் கணக்கைக் கணக்கப்பிள்ளை பேரேட்டில் எழுதினார். பிறகு குமாஸ்தா எக்ஸெல் தாளில் போட்டார். இப்போது பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. வெறுமனே கூட்டிப் பெருக்குவதோடு நிற்காமல், விதிகளைப் படித்து அதன்படி நடக்கிற மென்பொருள் வந்திருக்கிறது. இது நல்லதா, கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், கமிஷன் கணக்கில் அப்படி என்ன சூட்சுமம் இருக்கிறது என்று பார்ப்போம்.

செல்லம்மா என்று ஒரு விற்பனைப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் வேலை பார்க்கும் கடையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: "மாத விற்பனை 1 லட்சம் வரை நூற்றுக்கு 1 ரூபாய், 2 லட்சம் வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் நூற்றுக்கு 3." பச்சைக் குழந்தைக்கும் புரியும் போலிருக்கிறதல்லவா? அந்த மாதம் செல்லம்மா 2,60,000 ரூபாய்க்கு விற்றாள். கமிஷன் எவ்வளவு?

"இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டேன், முதலாளி. மொத்தத்துக்கும் நூற்றுக்கு 3. ஆக 7,800 ரூபாய்" என்கிறாள் செல்லம்மா.

"அதெப்படியம்மா? முதல் லட்சத்துக்கு 1,000. அடுத்த லட்சத்துக்கு 2,000. மிச்சம் 60,000-க்கு மட்டும் நூற்றுக்கு 3, அது 1,800. ஆக மொத்தம் 4,800" என்கிறார் முதலாளி.

வித்தியாசம் 3,000 ரூபாய்! இருவரில் யாருமே பொய் சொல்லவில்லை. அறிவிப்பே இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுக்கிறது. இன்னும் கேளுங்கள். வாங்கிப் போனவர் அடுத்த மாதம் புடவையைத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்த கமிஷனைப் பிடிக்கலாமா? ஒரு கல்யாண ஜவுளியை இரண்டு பெண்கள் சேர்ந்து விற்றால் யாருக்கு எவ்வளவு? தள்ளுபடிக்கு முந்திய விலைக்குக் கமிஷனா, பிந்திய விலைக்கா? இவற்றுக்கெல்லாம் பதில் கணக்கப்பிள்ளையின் மனத்தில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் சட்டப் புத்தகமும் அவரோடு போய்விடும். எக்ஸெல் தாளிலும் இதே கதைதான். எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் ஒளிந்திருக்கிறதென்பது எழுதினவருக்கே ஆறு மாதத்தில் மறந்து போகும்.

விதிவழி மென்பொருள் என்ன செய்கிறது? அதன் வேலை நம் வீட்டுப் பாட்டிமார்களின் வேலையைப் போன்றது. "வெள்ளிக்கிழமையானால் எண்ணெய் தேய்த்துக் குளி" என்பது பாட்டியின் ஒரு விதி. "அமாவாசையானால் எண்ணெய் தேய்க்காதே" என்பது இன்னொரு விதி. அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தால்? "அமாவாசைதான் பெரிது" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மென்பொருளிலும் இதே கதைதான். 'இப்படியிருந்தால் இதைச் செய்' என்ற வடிவில் ஒவ்வொரு விதியும் தனித்தனியே எழுதப்படுகிறது. இரண்டு விதிகள் மோதினால் எது மேல் என்பதும் எழுதப்படுகிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் கூடவே நிற்கிறது. விற்பனை விவரத்தைக் கொடுத்தால், எந்தெந்த விதி பொருந்துகிறதென்று கம்ப்யூட்டரே பார்த்துக் கணக்கைப் போடுகிறது. கமிஷன் வீதம் மாறினால், புரோகிராம் முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு விதியை மாற்றினால் போதும்.

இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையில் சார்லஸ் ஃபார்கி என்பவர், ஏராளமான விதிகளில் பொருத்தமானவற்றைச் சட்டென்று பொறுக்கும் வழியை 1970-களில் கண்டுபிடித்தார். அதற்கு 'ரீட்டி' என்று பெயர். லத்தீன் மொழியில் வலை என்று அர்த்தம்! அதே இடத்தில் ஜான் மக்டெர்மட் 1978-ல் எழுதிய விதிவழி மென்பொருளை டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி 1980-ல் வேலைக்கு வைத்துக்கொண்டது. விற்பனையாளர்கள் எழுதி அனுப்பும் ஆர்டர்களில் ஏதாவது வயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது அதன் உத்தியோகம். 1986-க்குள் சுமார் 80,000 ஆர்டர்களைப் பார்த்து முடித்தது. கமிஷன் கணக்கு மென்பொருளுக்கென்றே 1996-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய காலிடஸ் கம்பெனியை 2018-ல் ஜெர்மனியின் ஸாப் கம்பெனி சுமார் 240 கோடி டாலருக்கு வாங்கியது. கணக்கப்பிள்ளைக்கு இவ்வளவு மதிப்பா என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா?

விதிகள் எவ்வளவு சிக்கலானவை என்பதற்கு இன்ஷூரன்ஸே நல்ல உதாரணம். ஜவுளி வியாபாரத்தில் விற்பனை ஒரு தடவையோடு முடிந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸில் பாலிசிதாரர் பிரீமியம் கட்டக் கட்ட, ஏஜெண்டுக்கு வருஷா வருஷம் கமிஷன் வரும். 1938-ம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம் நெடுங்காலம் வைத்திருந்த பொது உச்சவரம்பு, முதல் வருஷம் நூற்றுக்கு 35, அடுத்த இரண்டு வருஷம் 7.5, பிறகு 5 என்பது. 2023 ஏப்ரலில் வந்த ஒழுங்குமுறை வேறு வழியில் சென்றது. மொத்தச் செலவு வரம்புக்கு உட்பட்டு, ஒவ்வொரு கம்பெனியின் டைரக்டர் போர்டும் கமிஷன் கொள்கையை வகுத்துக்கொள்ளலாம் என்றது. பாலிசி பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2024-ல் ஏற்பட்டது. திருப்பினால் அந்தக் கமிஷன் கணக்கையும் திருத்தியாக வேண்டும். எல்.ஐ.சி.யில் ஏஜெண்டு காலமானால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரவேண்டிய கமிஷன் வாரிசுக்குப் போகிறது. மீண்டும் நியமனம் பெற்ற ஏஜெண்டுகளுக்கும் புதுப்பிப்புக் கமிஷன் உண்டு என்று 2023 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

ஒரு விதவையின் மாத வருமானம் இத்தகைய ஒரு விதியில் தொங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த விதி மறந்து போகாமல், ஆளுக்கு ஆள் மாறாமல், குறித்த நாளில் நிறைவேறுமானால், அந்த மட்டில் யந்திரத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். எந்த விற்பனைக்கு எந்த விதிப்படி எத்தனை ரூபாய் என்ற ஜாதகத்தையும் நல்ல மென்பொருள் எழுதி வைத்துவிடும். செல்லம்மா 'ஏன் 4,800?' என்று கேட்டால், கணக்கப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. மென்பொருள் விதிப்படி நடக்குமே தவிர, விதி நியாயமா என்று கேட்காது. முதலாளி பெரிய மனது வைத்து, செல்லம்மா சொன்னபடியே மொத்தத்துக்கும் 3 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். மாதக் கடைசி நாளில் ஒரு பெண் 1,99,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறாள். அவள் கமிஷன் 3,980. இன்னும் 2,000 ரூபாய்க்கு ஒரே ஒரு புடவை விற்றால் மொத்தம் 2,01,000, கமிஷன் 6,030. அந்தப் புடவையைத் தன் காசில் தானே வாங்கினாலும் அவளுக்கு 50 ரூபாய் லாபம்! இப்படிப்பட்ட விதி மனுஷியை எங்கே தள்ளும்? வேண்டாத புடவையை யார் தலையிலாவது கட்டத் தள்ளும். யந்திரம் ஒரு பைசாப் பிசகில்லாமல் அதற்குக் கூலியும் கொடுக்கும்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ பாங்கியில் ஊழியர்களுக்குக் கடுமையான விற்பனை இலக்கும், எட்டினால் ஊக்கத்தொகையும் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2020 பிப்ரவரியில் வழக்குகளைத் தீர்க்க மேலும் 300 கோடி டாலர் கொடுக்க பாங்கி ஒப்புக்கொண்டது. கூட்டல் கழித்தலில் அங்கே தவறு இல்லை. தவறு விதியில் இருந்தது.

ஆகவே, விதியை யார் எழுதுகிறார்கள், யார் பார்க்க முடிகிறது என்பதுதான் கேள்வி. கலிபோர்னியா ராஜ்யத்தில் 2013 ஜனவரி முதல், கமிஷன் வாங்கும் ஊழியருக்குக் கணக்கிடும் முறையை எழுத்திலேயே தரவேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்று ஊழியரிடம் இருக்கவேண்டும் என்று சட்டம். நம் நாட்டில் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், 'ஊதியம்' என்ற சொல்லின் விளக்கத்தில் கமிஷன் சேர்வதில்லை. ஆனால் இப்படி ஒதுக்கிய இனங்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அதிகப்படி ஊதியத்தில் சேரும். தமிழ்நாட்டிலோ, நாள் முழுதும் நின்றபடி விற்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021-ல்தான் சட்டம் வந்தது. உட்கார இடம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் தன் கணக்கைத் தானே பார்க்கும் உரிமையும் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

உங்கள் பெண்ணோ, பிள்ளையோ, நீங்களேயோ கமிஷன் வேலைக்குப் போவதானால், முதல் நாளே மூன்று கேள்விகள் கேளுங்கள். மேல்படி வீதம் மொத்தத்துக்கா, அதிகப்படிக்கு மட்டுமா? சரக்குத் திரும்பி வந்தால் எத்தனை நாள் வரை பிடிப்பீர்கள்? விதி மாறினால் முன்னே விற்றதற்குப் பழைய விதியா, புதிய விதியா? பதிலை வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரச் சொல்லுங்கள். 'கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது' என்று யாராவது சொன்னால், 'எந்த விதிப்படி?' என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். படியை யார் பிடித்தாலும் சரி, மனிதனோ யந்திரமோ, அந்தப் படியில் எத்தனை ஆழாக்கு என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.