டிகிரி வாங்கியாச்சு... இனி நர்ஸ் ஆகலாமா?



வேப்பனப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் காலையில் நின்று பாருங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து காதில் விழும். ஓசூர் பக்கம் ஷிஃப்டுக்குக் கிளம்புறவங்களில் பி.காம்., பி.ஏ. முடிச்சவங்களும் உண்டு. அதில் ஒருத்தருக்கு, பாட்டியை ஜி.ஹெச்.சில் சேர்த்த ராத்திரியிலிருந்து ஒரே யோசனை: 'நான் ஏன் நர்ஸிங் படிக்கலை?' அந்த ஒருத்தர் நீங்களாகவும் இருக்கலாம்.

இப்போ படிக்க முடியுமா? முடியும். ஆனா ஒரு கசப்பான உண்மையை முதல்லயே சொல்லிடறேன். உங்க டிகிரி ஒரு வருஷத்தைக்கூடக் குறைக்காது. அமெரிக்காவில் வேறு பட்டம் வாங்கினவங்களுக்குன்னே ஒன்று, ஒன்றரை வருஷத்தில் முடியுற நர்ஸிங் பட்டப்படிப்பு இருக்கு. நம்ம நாட்டில் அப்படி இல்லை. முதல் வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

அதனால டிகிரி சர்டிபிகேட்டை ஓரமா வெச்சிட்டு, ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடுங்க. இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 வருஷம். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோட ஆங்கிலமும் படிச்சிருக்கணும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவிகித மார்க் வேணும். காமர்ஸ் குரூப்பா? மனசு தளராதீங்க. ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம். 40 சதவிகிதம், வயசு 35க்குள். சயின்ஸ் குரூப்புக்கு முன்னுரிமை உண்டு, ஆனா மத்த குரூப்புக்குக் கதவு மூடலை. அதை முடிச்சதும் 2 வருஷ போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. படிச்சா பட்டதாரி நர்ஸ்! விண்ணப்பிக்கும் முன் ப்ராஸ்பெக்டஸை வரி விடாமல் படிங்க. கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னும் பாருங்க.

'வயசாயிடுச்சே' என்கிறீங்களா? ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851ல் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தப்போ அவருக்கு 31 வயசு!

நிஜமான சிக்கல் வயசில்லை, சம்பளம். மாசா மாசம் வீட்டுக்குப் போற பணம் குறைஞ்சது 3 வருஷம் நிக்கும். ஃபீஸ், ஹாஸ்டல், யூனிஃபார்ம் செலவு வேற. அப்பா, அம்மாகிட்ட மறைக்காம, பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டிப் பேசுங்க. தங்கச்சி படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அந்தக் கணக்கில் வரணும்.

அப்போ மூணு வருஷக் காலேஜ் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. மருந்து ஸ்டாக் ரிஜிஸ்டரும் டோஸ் கணக்கும் உங்களை மிரட்டாது. எல்லைப் பக்கத்து வார்டில் ஒரு பாட்டி 'வலி' என்பாங்க, அடுத்த பெட்டில் 'நொப்பி', அதுக்கடுத்து 'நோவு'. மூணும் புரியற நர்ஸ் கிடைச்சா அவங்களுக்கு அதுவே பாதி தைரியம்!

கடைசியா ஒரு டெஸ்ட். சொந்தக்காரங்க யாராவது அட்மிட் ஆனா, ஒரு ராத்திரி துணைக்கு இருங்க. வாந்தி, ரத்தம், புலம்பல் எல்லாத்தையும் பார்த்த பிறகும் காலையில் அதே ஆசை இருக்கா? அப்புறமென்ன... அப்ளிகேஷன் வாங்கக் கிளம்புங்க!