யோபுவின் நண்பர்கள்

"அதெல்லாம் நம்ம புத்திக்கு எட்டாதுப்பா. ஆண்டவர் சித்தம்." இந்த வார்த்தையைக் காதில் வாங்காத தலித் கிறித்துவர் யார்? பிள்ளை செத்தாலும் இதே பதில். கல்லறைத் தோட்டத்துக்குள்ள ஏன் சாமி சுவரு என்று கேட்டாலும் இதே பதில். இரண்டும் ஒண்ணா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு வந்த சனங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் சாவு. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது, அலை எழுந்தது. இதை அறிவியல் சொல்லிவிடும். ஆனால், "மாதாவைப் பார்க்கத்தானே வந்தோம், எம்புள்ள ஏன்?" என்று மணலில் புரண்டு அழுதவளுக்கு என்ன சொல்வது? "தெரியாது தாயி" என்பதுதான் நேர்மை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுதான் விசுவாசம்.

அப்போதும் சிலரால் சும்மா இருக்க முடியவில்லை. பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் பண்ணினார்கள். இவர்கள் புதிய ஆட்கள் இல்லை. பைபிளிலேயே இருக்கிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்தவர்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நண்பர்கள். வாயைத் திறந்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்: நீ ஏதோ தப்பு செய்திருக்கே, அதான்.

யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு இழுத்தான். கடைசியில் கடவுள் பேசுகிறார். பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்கிற மாதிரி கேள்வி மேல் கேள்வி. யோபு தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்கிறான். நம்ம சாமியார்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்து நடப்பதைப் படியுங்கள். கடவுளின் கோபம் யார்மேல் பாய்கிறது? கேள்வி கேட்டவன்மேல் அல்ல, விளக்கம் சொன்னவர்கள்மேல். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார்.

ஆக, மனித அறிவுக்கு எல்லை உண்டு என்கிற படிப்பினை முதலில் யாருக்கு? கடவுளின் வக்கீலாகத் தன்னை நியமித்துக்கொண்டவனுக்கு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே சொன்னார். பிறவிக்குருடன் யார் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று சீடர்கள் கேட்டபோதும் அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. முற்பிறவிக் கணக்குச் சொல்லியே சேரியில் தள்ளப்பட்ட நமக்கு இது சாதாரண விஷயமா?

மறுபடியும் நாகைக்கு வருவோம். அழுகிய பிணங்களை அள்ள வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் யார்? நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்களே, ஏன்? இதிலே என்ன மறைபொருள் இருக்கு? அலை ஏன் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது என்பது புத்திக்கு எட்டாது. முகாமில் வரிசையைப் பிரித்தது யார் என்பது நல்லாவே எட்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கிய தலித்துகளைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்த தலித்துகளைச் சேர்த்தார்கள். கிறித்துவ தலித்தைச் சேர்க்கவில்லை. இதுவும் தேவ ரகசியமா? மனுசன் எழுதினது. மனுசன் திருத்தலாம்.

தோழர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. நாமும் சிலநேரம் எலிப்பாஸ் ஆகிவிடுகிறோம். எழவு வீட்டில் செபமாலை உருட்டும் கிழவியிடம் போய், "இதெல்லாம் அபினி" என்று வகுப்பெடுத்திருக்கிறேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன், சாமியாரானாலும் தோழரானாலும், அழுகிறவர் பக்கத்தில் உட்காரத் தெரியாதவன்.

தெரியாததைத் தெரியாது என்போம். தெரிந்ததைச் சத்தமாகச் சொல்வோம். சாவு மறைபொருள்தான். கல்லறைச் சுவர் மறைபொருள் இல்லை. அது செங்கல்லும் சுண்ணாம்பும். கட்டினவன் கை தெரியும். இடிக்கப்போற கையும் தெரியும்.